வெள்ளம் வடிந்த பின் கொலரா பயம்: பழைய தொற்றுகளால் இன்றைக்கு என்ன பயன்?

கேள்வி: களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியில் எங்கள் கிணறு முழுகிவிட்டது. அந்தக் காலத்துக் கொலராக் கதைகளில் இப்போது உதவக்கூடியது ஏதும் உண்டா?

உண்டு. ஆனால் லண்டனில் ஒரு மருத்துவர் தெருப் பம்பின் கைபிடியைக் கழற்றவைத்துக் கொலராவை நிறுத்தினார் என்று எல்லோரும் சொல்லும் கதையில் பாதிதான் இருக்கிறது. 1854இல் அந்த மருத்துவர் ஜோன் ஸ்னோவின் பேச்சைக் கேட்டு பிரோட் தெருப் பம்பின் கைபிடியைக் கழற்றியபோது தொற்று ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. கிணறு எப்படிக் கெட்டது என்பதே கவனிக்க வேண்டியது. வயிற்றோட்டம் வந்த குழந்தையின் துணி அலசிய நீர் ஊற்றிய மலக்குழி, கிணற்றுக்கு மூன்றடி தள்ளித்தான் இருந்தது. செங்கல் இடுக்கு வழியே கசிந்தது. கைபிடி கழன்ற அன்றே குழந்தையின் தகப்பனுக்கும் நோய் கண்டது. பம்பு ஓடியிருந்தால் அவரது கழிவால் இன்னொரு சுற்று வந்திருக்கலாம்.

ஆகவே முதலில் மலக்குழியைப் பாருங்கள். கிணற்றுக்கும் அதற்கும் 15 மீற்றர் வேண்டும் என்பார்கள். இரண்டு பேர்ச் காணியில் எங்கே போவது? அப்படியான கிணற்றைக் கழுவத் துடைக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கக் குழாய்த் தண்ணீரையோ பவுசரையோ நம்புங்கள்.

மற்றக் கிணறுகளை இறைத்து, சேற்றை அள்ளி, புது நீர் ஊறவிடுங்கள். பிறகு குளோரின் இடுவதற்கு நீரின் அளவைக் கணக்கிடுங்கள்: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீற்றரில்) × 785 = லீற்றர். 1.2 மீற்றர் விட்டம், 3 மீற்றர் நீர் என்றால் ஏறக்குறைய 3,400 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 170 கிராம், அதாவது இதற்கு 580 கிராமளவு. தூளை நேரே கொட்டினால் அடியில் தங்கிவிடும். வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 12 மணி நேரம் விட்டு, கடும் மணம் போகும்வரை இறைக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய தூள் வலுவிழந்திருக்கும். கலங்கல் நீரோ குளோரினைத் தின்றுவிடும். ஊற்று நீர் வர வர மிச்சக் குளோரினும் போய்விடும் என்பதால், குடிநீரைக் கொதிக்கவைப்பதை நிறுத்தாதீர்கள்.

கொலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. 1971இல் இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலிப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே சாவுகளைப் பெருமளவு குறைத்தார். இன்று ஜீவனி பைக்கற்று இருக்கிறது: ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். கோப்பையில் கரைத்தால் உப்பு மிஞ்சி ஆபத்து. 24 மணி நேரம் கழிந்த மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மலம் அரிசி கழுவிய நீர்போலப் போனால், கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், கரைசலைக் குடிக்கக் கொடுத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றே சொல்லுங்கள்.