கட்டுமான கம்பெனி வேலைக்குப் பையனை அனுப்பலாமா? கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. பையன் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டான், கையில் இரண்டு கம்பெனியின் வேலை ஆர்டர் இருக்கிறது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது, சின்ன கம்பெனி மாதம் 3,000 ரூபாய் கூடத் தருகிறது, வீட்டுக்காரரும் சென்ட்ரிங் வேலைதான், அவர் பட்ட பாடு போதும், பிள்ளையும் அதே சாரத்தில் நிற்க வேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்துப்போனார்கள். அவ்வளவு தூரம் ஏன், 2025 செப்டம்பர் 30 அன்று நம் எண்ணூரில், அனல்மின் நிலையம் கட்டும் இடத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாம் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். அந்த வீடுகளிலும் உங்களைப் போல ஓர் அம்மா இருந்திருப்பார்.

ஆனாலும் இந்தத் துறையே வேண்டாம் என்று பையனை இழுத்துப் பிடிக்காதீர்கள். மாதவரத்தில் ஆரம்பித்து மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி என்று நம் ஏரியா முழுக்க மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலேயே பெரிய வேலைகளைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எல்லாத் தலைமுறைக்கும் கிடைப்பதில்லை. எந்த கம்பெனி என்பதில்தான் கவனம் வேண்டும். அதற்கு நான் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: அங்கே ஒருத்தன் "சார், இது சரியில்லை, வேலையை நிறுத்துங்க" என்று சொன்னால் அவனுக்கு என்ன நடக்கிறது?

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், டிப்ளமோ முடித்த பையன் முதல் வருடம் ரொம்ப இக்கட்டான இடத்தில் நிற்பான். மேலே பிராஜெக்ட் மேனேஜர், "நாளைக்குக் காலையில் ஸ்லாப் போட்டாகணும்" என்பார். கீழே இருபது வருட அனுபவமுள்ள மேஸ்திரி, "தம்பி, நாங்க பாக்காததா" என்பார். நடுவில் நிற்கிற இவன் கண்ணுக்கு, ஸ்லாப்பைக் கீழிருந்து தாங்கும் ஒரு முட்டு ஈர மண்மேல் பலகைகூட வைக்காமல் நிறுத்தியிருப்பது படுகிறது. வாயைத் திறப்பானா? போன வாரம் இப்படிச் சொன்னவனை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தால் திறக்கமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டியிருந்தால் திறப்பான். கம்பெனிக்காரர்கள் எம்ப்ளாயி என்கேஜ்மென்ட் என்று கிரிக்கெட் மேட்ச், பிறந்தநாள் கேக் படமெல்லாம் காட்டுவார்கள். அதுவும் இருக்கட்டும், நல்லதுதான், ஆனால் அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

விருது விஷயத்தையும் கொஞ்சம் நுணுக்கமாகப் பாருங்கள். பெரிய சைட் வாசலில் இத்தனை லட்சம் மனித நேரம் விபத்தில்லாமல் வேலை நடந்தது என்று போர்டு வைத்திருப்பார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் பரிசும் போனஸும் அந்த எண்ணை மட்டுமே நம்பி இருந்தால், காலில் ஆணி ஏறியவனைப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் கட்டுப்போட்டு, பதிவேட்டில் எழுதாமல் அனுப்பிவிடுகிற பழக்கம் தானாக வந்துவிடும். போர்டு கெட்டுப்போகக் கூடாதே! நல்ல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்தது, யார்மேலும் படவில்லை, அதை ஒரு ஹெல்பர் வந்து சொன்னான் என்றால் அவனுக்குத்தான் அந்த மாதப் பரிசு. இப்படி நூலிழையில் தப்பிய விபத்தை நியர் மிஸ் என்பார்கள். இன்டர்வியூவில் பையன் தைரியமாகக் கேட்கட்டும்: "போன மாசம் சேஃப்டி பரிசு யாருக்குக் கொடுத்தீங்க சார், எதுக்குக் கொடுத்தீங்க?" பதில் சட்டென்று, ஆளோடும் சம்பவத்தோடும் வந்தால் நம்பலாம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தன்று மேடையில் யார் நின்றார்கள் என்பதையும் கேட்கலாம். இன்ஜினியர்கள் மட்டுமா, சப் கான்ட்ராக்டில் வந்த ஒடிசா, பீகார் ஆட்களும் பரிசு வாங்கினார்களா?

இதையெல்லாம் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை, ஒரு நாள் காலை எட்டு மணிக்கு முன்னால் இரண்டு சைட் வாசலிலும் போய் நின்று பாருங்கள். வேலை தொடங்கும் முன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, டூல்பாக்ஸ் டாக் என்று அன்றைய பாதுகாப்பு விஷயங்களைச் சொல்வார்கள். சொல்கிறவர் தாளைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறாரா, இல்லை இந்திக்காரர்களுக்கு இந்தியிலும் சொல்லி, யாராவது கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிறாரா? அப்புறம் அண்ணாந்து பாருங்கள். மேலே இருப்பவர்கள் எல்லோரும் பெல்ட் போட்டிருப்பார்கள், பார்க்க வேண்டியது கொக்கியை. அது கீழே விழாமல் தாங்கும் லைஃப்லைன் கயிற்றில் மாட்டியிருக்கிறதா, இடுப்பில் சும்மா தொங்குகிறதா? கீழே சித்தாள் வேலை பார்க்கிற பெண்கள் காலில் ஷூ இருக்கிறதா, ரப்பர் செருப்பா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காகித விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன, பணி நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயரா, ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் பெயரா? அந்த 3,000 ரூபாய் கூட வருவது பிஎஃப் பிடிக்காததால் வருகிற பணமாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ உண்டா என்றும் கேளுங்கள். 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டுமான இடத்தில் சேஃப்டி ஆபிசர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பையனுக்கு அந்தப் பக்கமே ஆர்வம் வந்தால், சில வருட சைட் அனுபவத்துக்குப் பிறகு தரமணியில் இருக்கிற மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான டிப்ளமோ படிக்கலாம், நல்ல மதிப்பு உண்டு.

என் கணிப்பு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சம்பளம் குறைந்த அந்தப் பெரிய கம்பெனிதான். ஆனால் பெரிய பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க வேண்டாம். ஒரே கம்பெனியில் ஒரு சைட் ஒழுங்காக இருக்கும், இன்னொன்றில் பிராஜெக்ட் மேனேஜர் சரியில்லாமல் எல்லாம் அலங்கோலமாக இருக்கும். பையனை எந்த சைட்டில் போடுவார்கள் என்று கேட்டு அந்த இடத்தையே பாருங்கள்.

போகும்போது உங்கள் வீட்டுக்காரரை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. இந்த விஷயத்தில் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். முட்டு எப்படி நிற்கிறது, சாரத்தில் பலகை முழுசாகப் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். டீ குடிக்க வெளியே வருகிற ஆட்களிடம், கூலி தேதிக்கு வருகிறதா, அடிபட்டால் யார் பார்க்கிறார்கள் என்று அவரே பேச்சு கொடுக்கட்டும். சக தொழிலாளியிடம் மறைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், காங்கிரீட் போடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள், அன்றைக்குத்தான் அவசரம் அதிகம்.