பாட்டியின் 96 ஆண்டுகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் அம்மாவைப் பெற்ற பாட்டி சென்ற மாதம் தமது 96ஆம் வயதில் காலமானார். ஆறு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என்று விரிந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு அவரே நடுநாயகமாக இருந்தார். அவர் நினைவாகக் குடும்பத்தாருக்கென்று ஒரு சிறு நூல் கொண்டுவர முடிவாகி, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு 44 வயது. எல்லோரிடமும் எழுதி வாங்கிவிட்டேன். படித்துப் பார்த்தால் அத்தனையும் ஒரே கட்டுரையாகத் தோன்றுகிறது: பொறுமையின் சிகரம், தியாகத்தின் வடிவம், அன்பின் ஊற்று. பாட்டி அப்படிப்பட்டவர்தான், ஆனாலும் இவற்றில் பாட்டியைக் காணவில்லை. கடைசி ஆண்டுகளில் நாலைந்து கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்வார். நாங்கள் பாதிதான் காதில் வாங்கினோம் என்பது இப்போது உறுத்துகிறது. அவருக்கும் அவருடைய தங்கைக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேச்சில்லை. தங்கை முன்பே இறந்துவிட்டார். அதை எழுதவே கூடாது என்கிறார்கள் மாமாக்கள். பாட்டியோடு வளர்ந்தவர்களில் இன்று இருப்பவர் அவருடைய சித்தி மகள் மட்டுமே. அவருக்கு 91 வயது. நான் எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பாட்டியின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நிறைவாக வாழ்ந்து போனவருக்காக வருந்த என்ன இருக்கிறது என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் பிறந்த நாள்முதல் அவர் இல்லாத உலகத்தை நீங்கள் அறிந்ததே இல்லை என்பதால், நெடுநாள் வாழ்ந்தவரின் இழப்பு மனத்தில் பதியக் கூடுதல் காலம் பிடிக்கும் என்றே நான் நினைக்கிறேன். நூலை அவசரப்படுத்த வேண்டாம். ஒரே ஒரு வேலையை மட்டும் உடனே செய்யுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வந்த கட்டுரைகள் எல்லாம் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன என்பதற்கு உங்கள் கடிதத்தில் உள்ள வயதுகளே விடை தருகின்றன. நீங்கள் பிறந்தபோது பாட்டிக்கு 52 வயது. ஐந்து வயதில் உங்கள் நினைவு தெளியத் தொடங்கியது என்று கொண்டால், நீங்கள் முதன்முதலில் கண்டறிந்த பாட்டி 57 வயதானவர். பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலையும் ஏறத்தாழ இதுதான். உங்கள் அம்மாவும் மாமாக்களும் இன்னும் முந்திய காலத்தை அறிவார்கள் என்றாலும், அவர்கள் கண்டதும் ஒரு தாயைத்தான். ஆக, 96 ஆண்டு வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் அவருடைய வாழ்வின் பிற்பகுதிக்கு மட்டுமே சாட்சிகள். அதிலும் அவர் தங்களுக்கு என்னவாக இருந்தார் என்பதற்கே சாட்சிகள். பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் அவர் கொடுப்பவராகவே இருந்ததால், கொடுத்தல் ஒன்றே அவருடைய முழு இயல்பாக எழுதப்பட்டுவிட்டது. சிறுமியாக அவர் எதற்கு அடம்பிடித்தார், இருபது வயதில் எதற்கு அஞ்சினார், எதைச் செய்ய விரும்பி முடியாமல் விட்டார் என்பவை இந்தக் கட்டுரைகளில் இல்லாதது எழுதியவர்களின் குறை அன்று. அவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை.

நெடுநாள் வாழ்பவர் தம் சாட்சிகளையும் கடந்து வாழ்கிறார். உலகில் உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட வாழ்வு பிரான்ஸ் நாட்டின் ழான் கால்மான் என்ற பெண்மணியுடையது. 1875இல் பிறந்து 1997இல் தமது 122ஆம் வயதில் இறந்த அவர், தம் ஒரே மகளை 1934இலும் ஒரே பேரனை 1963இலும் இழந்து, அதன்பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய வயதைச் சரிபார்க்க முனைந்த ஆய்வாளர்கள் பிறப்புப் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையும் துழாவ வேண்டியிருந்தது, ஏனெனில் அவரைச் சிறுமியாகப் பார்த்த ஒருவரும் உயிரோடு இல்லை. உங்கள் பாட்டிக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. ஒருவர் இருக்கிறார்.

ஆகவே நான் சொன்ன அந்த ஒரு வேலை, 91 வயதான அந்தச் சித்தி மகளிடம் இந்த வாரமே செல்வது. பண்பாட்டு நினைவு குறித்து எழுதிய ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான், வாய்ப்பேச்சின் வழியாக மட்டும் ஒரு குடும்பத்துக்குள் புழங்கும் நினைவின் ஆயுள் 80 முதல் 100 ஆண்டுகள் என்றும், மூன்று நான்கு தலைமுறைகளுக்குள் அது தேய்ந்துவிடும் என்றும் கணித்தார். உங்கள் பாட்டியின் குழந்தைப் பருவம் இப்போது சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. அவரிடம் "பாட்டி எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள்; கேட்டால் அவரும் நல்லவர், பொறுமைசாலி என்றே சொல்வார். அவர்கள் வளர்ந்த வீட்டில் யார் எங்கே படுப்பார்கள், யார் சத்தம் போட்டால் எல்லோரும் அடங்குவார்கள், இருவரும் சேர்ந்து வாங்கிய திட்டு எதற்கு என்று கேளுங்கள். பழைய புகைப்படங்கள் இருந்தால் எடுத்துச் சென்று, ஒவ்வொரு முகத்தையும் காட்டிப் பெயர் கேளுங்கள். சம்மதம் பெற்றுக் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரே அமர்வில் முடிக்கப் பார்க்காதீர்கள். அந்த வயதில் ஒரு மணி நேரப் பேச்சே உடலைக் களைப்படையச் செய்யும். முதல் நாள் கேட்டதற்கு இரண்டாம் நாள்தான் விடை நினைவுக்கு வரும்.

அடுத்து, அந்த நாலைந்து கதைகள். முதுமையில் பழையதையே பேசுவது அறிவு மங்குவதன் அடையாளம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை மறுத்தார். இறுதி நெருங்குவதை உணர்ந்த மனிதர் தம் வாழ்வைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தீராதவற்றைத் தீர்த்துக்கொள்ள முயலும் இயல்பான செயலே அது என்றார் அவர். நினைவு குறித்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன: வயதானவர்களிடம் தன் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகள் மற்றக் காலத்தவற்றைவிடக் கூடுதலாக வருகின்றன. உங்களில் யாரும் காணாத அந்த ஆண்டுகளைத்தான் பாட்டி உங்களிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பாதிதான் கேட்டீர்கள் என்று வருந்துகிறீர்கள். பத்துப் பேர் பாதி பாதியாகக் கேட்டிருந்தால், சேர்த்து வைக்க நிறையவே இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாதீர்கள். கதைகள் முரண்பட்டால் ஒன்றாக்கித் திருத்த வேண்டாம், சொன்னவர் பெயரோடு இரண்டையும் அப்படியே அச்சிடுங்கள். யாரிடம் எதைச் சொன்னார், யாரிடம் எதை விட்டார் என்பதிலும் அவர் இருக்கிறார். இந்தப் பகுதியில் அவரைப் பாட்டி என்று குறிப்பிடாமல் பெயர் சொல்லியே எழுதுங்கள் என்பது என் விருப்பம்.

தியாகம், பொறுமை என்ற சொற்களை நான் குறை கூறவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரும் உழைப்பு மறைந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். நான்கு தலைமுறை ஒட்டியிருந்தது தானாக நடந்ததன்று. யாருக்கு எப்போது பேறுகாலம், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த இருவரை ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடாது, யாருடைய கடன் யாருக்குத் தெரியக் கூடாது என்பதையெல்லாம் ஒருவர் நாள்தோறும் மனத்தில் சுமந்து நடத்திய வேலை அது. கனடாவின் சமூகவியலாளர் கேரலின் ரோசென்தால் 1985இல் வெளியிட்ட ஆய்வில், உறவுகளைப் பேணிக்காப்பதைக் குடும்ப வேலைப் பிரிவினையில் ஒரு தனிப் பணியாகவே கணக்கில் எடுத்தார். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்றும் கண்டார். ஆகவே உங்கள் மாமாக்களிடம் "அம்மாவின் அன்பு" பற்றி மீண்டும் கேட்காமல், அவர் தீர்த்துவைத்த ஒரு சிக்கலைப் பற்றிக் கேளுங்கள். யார் யாரிடம் பேசினார், எதை யாரிடம் சொல்லாமல் மறைத்தார், எத்தனை நாள் பொறுத்திருந்தார் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

அந்த அறிவின் மதிப்பை எண்ணும்போது எனக்கு யானைகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் கூட்டங்களை மூத்த பெண் யானையே வழிநடத்துகிறது. தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்தபோது, பூங்காவைவிட்டு வெளியேறிய கூட்டங்கள் தங்கிவிட்டவற்றைவிடக் குறைவான கன்றுகளையே இழந்தன. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு முன்பும் அங்கே அத்தகைய வறட்சி வந்ததுண்டு. அதைக் கண்டிருந்த வயதான பெண் யானைகளின் நினைவு உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். உங்கள் பாட்டி கண்ட கெட்ட காலங்கள் எவை, அப்போது அவர் கற்றது என்ன, பின்னாளில் அதை எங்கே பயன்படுத்தினார் என்பதற்கு நூலில் நிறைய இடம் கொடுங்கள். எதிர்காலப் பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத்தான் தேடிப் படிப்பார்கள்.

இனி தங்கையுடன் பேசாமலிருந்த முப்பது ஆண்டுகள். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. 96 ஆண்டு வாழ்வில் மூன்றில் ஒரு பங்குக் காலம் நீடித்த ஒரு மனக்காயத்தை நீக்கிவிட்டால், எஞ்சுபவர் வேறொருவர். அவர் பொறுமைசாலி என்பது உண்மையானால், அந்தப் பொறுமை எங்கே முடிந்தது என்பதும் அவருடைய வரலாறுதான். ஆயினும் உங்கள் மாமாக்களின் தயக்கத்தையும் மதிக்கிறேன். தங்கையின் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களும் தங்கள் தாயை இழந்தவர்கள். யார்மீது பிழை என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமையில்லை. காரணத்தை விட்டுவிட்டு, இருவரும் அத்தனை காலம் பேசிக்கொள்ளவில்லை என்ற செய்தியை இரண்டு வரிகளில் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்த வரிகளைத் தங்கையின் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அவர்கள் தங்கள் தாயின் சார்பில் ஏதேனும் சேர்க்க விரும்பினால், அதையும் அவர்கள் சொற்களிலேயே வெளியிடுங்கள். பாட்டி உங்களில் ஒருவரிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி வைத்தவை இருந்தால், அவை நூலுக்குள் வர வேண்டாம்.