ஆழத்துப் பாறைச் சூட்டில் இருந்து மின்சாரம் எடுத்தால் நிலநடுக்கம் வருமா?

வரும், வந்தும் இருக்கிறது. ஆனாலும் இந்த முயற்சியைக் கைவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடுகிறது. சூட்டுக்குப் பஞ்சமில்லை, அதை மேலே கொண்டுவரும் தண்ணீருக்குத்தான் வழியில்லை. சேலம், கோவைப் பக்கம் போர் போட்டவர்களுக்கு இது தெரியும்: விரிசல் மாட்டினால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் புழுதி. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக் கிரானைட்டில் விரிசல்கள் இன்னும் இறுகிக் கிடக்கும். அதனால் தண்ணீரை அழுத்தத்தோடு இறக்குகிறார்கள். பழைய விரிசல்கள் கொஞ்சம் நழுவி வழிவிடும். அந்த நழுவல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி நிலநடுக்கம்தான். பெரும்பாலானவை கருவிக்கு மட்டுமே தெரியும்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006 டிசம்பரில் இப்படித் தண்ணீர் இறக்கியபோது அது கருவியோடு நிற்கவில்லை. அதிர்வுகள் பெருகியதும் தண்ணீர் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சில மணி நேரம் கழித்துத்தான் 3.4 அளவு நிலநடுக்கம் வந்தது. பம்ப்பை நிறுத்தினாலும் உள்ளே ஏறிய அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டேதான் இருக்கும். "ஆபத்து தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்" என்ற சமாதானத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது.

தென்கொரியாவின் போஹாங்கில் நடந்தது இதைவிட மோசம். 2017 ஏப்ரலிலேயே 3 அளவைத் தாண்டிய ஓர் அதிர்வு வந்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் மீண்டும் தண்ணீர் செலுத்தினார்கள். நவம்பர் 15 அன்று 5.4 அளவில் நிலம் குலுங்கியது. பலர் காயமடைந்தார்கள், மறுநாள் நடக்க இருந்த கல்லூரி நுழைவுத் தேர்வே நாடு முழுக்க ஒரு வாரம் தள்ளிப்போனது. 2019இல் அரசு நியமித்த ஆய்வுக் குழு காரணத்தைச் சொன்னது: வரைபடத்தில் இல்லாத ஒரு பெரிய பிளவு, ஏற்கெனவே நழுவும் நிலையில் அங்கே இருந்திருக்கிறது. இறக்கிய தண்ணீர் அதைத் தூண்டிவிட்டது.

சரி, பிறகு ஏன் நம்பிக்கை? 2023இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் வேறு மாதிரி செய்து காட்டியது. இரண்டு கிணறுகளைக் கீழே போய்க் கிடைமட்டமாகத் திருப்பி, பாறையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் திறந்தார்கள். மொத்தத் தண்ணீரும் ஒரே இடத்தில் போய் முட்டுவதில்லை. ஒரே விரிசல் வழியாக ஓடி அந்த இடத்துப் பாறையை மட்டும் சீக்கிரம் குளிர்விக்கும் பழைய தொல்லையும் குறைகிறது. சோதனையில் 3.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்கு வெந்நீர் ஓட்டம் கிடைத்தது. இரவு பகல், வெயில் காற்று எதையும் பார்க்காத மின்சாரம் இது. நிலக்கரியை விடுவதற்கு இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஊருக்கு அடியில் மட்டும் வேண்டாம். என் பகுதிக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால் இரண்டு கேள்வி கேட்பேன்: கீழே பெரிய பிளவு ஓடுகிறதா என்று தேடிப் பார்த்தீர்களா? அதிர்வுப் பதிவுகளை அன்றன்றைக்கே மக்கள் பார்க்கும்படி வைப்பீர்களா?