பிரஸ் செட்டர் வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

ஐடிஐ ஃபிட்டர் முடித்த மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் செட்டர் ஹெல்பர் வேலை கிடைத்திருக்கிறது. பிரஸ் என்பது தகட்டை அடித்து வெட்டி வடிவமாக்கும் மெஷின். "பிரஸ் என்றாலே விரல் போய்விடும் என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பயம் நியாயமானதுதான். அனுப்பலாம், ஆனால் ஷாப்பைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆபரேட்டர் வேறு, செட்டர் வேறு. ஆபரேட்டர் ஷிஃப்ட் முழுக்கத் தகடு வைத்து பீஸ் எடுப்பவர். செட்டர் அடுத்த ஜாபுக்கு டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, மாற்றிக் கொடுப்பவர். பழைய டையை இறக்கி, டை உட்காரும் மேடையான போல்ஸ்டரைத் துடைத்து, புது டையை ஏற்றி, மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகமான ராமை மெல்ல இறக்கி, மேலும் கீழும் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஷட் ஹைட் (ராம் முழுதாக இறங்கி நிற்கும்போது அதற்கும் போல்ஸ்டருக்கும் நடுவே உள்ள உயரம்) சரிபார்த்து, முதல் பீஸை அடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த முதல் பீஸைப் படிப்பதுதான் தொழிலே. வெட்டின விளிம்பில் பிசிறு ஒரு பக்கம் மட்டும் தூக்கலாக இருந்தால் மேலிருந்து வெட்டும் பஞ்ச்சும் கீழே இருக்கும் டையும் நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். சுற்றிலும் பிசிறு என்றால் பெரும்பாலும் முனை மழுங்கிவிட்டது, கிரைண்டிங்குக்குப் போக வேண்டும். 1 மி.மீ. இரும்புத் தகட்டுக்குப் பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் இடைவெளி விடுவார்கள். தலைமுடி கனம்! இதற்குக் கண்ணும் கையும் பழகவே சில வருடம் பிடிக்கும். பழகியவரை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டார்.

இனி விரல் விஷயம். செட்டர்தான் டைக்குள் அதிகம் கை விடுகிறவர், அதனால் பையன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: மோட்டாரை அணைத்த பிறகும் ராமை இயக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றும். அது நின்று, ராமுக்குக் கீழே அது இறங்கிவிடாமல் தாங்கும் சேஃப்டி பிளாக் வைத்த பிறகுதான் கை உள்ளே போகலாம். "இரண்டே நிமிஷம், சும்மா கை விடு" என்று சொல்கிற சூப்பர்வைசர் இருக்கும் ஷாப் வேண்டாம்.

சேரும் முன் மெஷின் எந்த கிளட்ச் என்று கேட்கச் சொல்லுங்கள். ஃப்ளைவீலின் சுற்றை ராமோடு இணைத்து விடுவிப்பதுதான் கிளட்ச். பழைய பின் (pin) கிளட்ச் பிரஸ் ஒரு முறை இறங்க ஆரம்பித்தால் சுற்று முடியும்வரை நிற்காது. காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் கிளட்ச் என்றால் நடுவிலேயே நிறுத்தலாம். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்குமா, கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டன் இருக்கிறதா, இருப்பதை யாராவது ஆஃப் செய்து வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்கட்டும். ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அது இல்லாத இடத்தில் சம்பளம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

"வாழ்நாள் முழுக்க இதேதானா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். செட்டிங் தெரிந்தவர் டை செய்யும் டூல் ரூமுக்கு, டை மெயின்டெனன்ஸுக்கு நகர்வது வழக்கம். முதலில் வெர்னியர் அளவுகோலும் டிராயிங்கும் தடுமாறாமல் படிக்க வரட்டும். சரி, ஹெல்பர் என்று எடுக்கிறார்களா, அப்ரண்டிஸ் என்று எடுக்கிறார்களா? அப்ரண்டிஸ் என்றால் முடிவில் தேசிய அளவிலான சான்றிதழ் வாங்க வழியுண்டு. இதைக் கேட்டுவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.