கொள்ளிடத்தில் விழுந்த பாராசூட்டை வெயிலில் போடலாமா?

கேள்வி: பழையாறு பக்கம், முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறக்கும் பாராமோட்டாரில் பறந்தபோது இன்ஜின் நின்று, கொள்ளிடத்தில் இறங்கிவிட்டேன். பாராசூட் ஈரத்தோடு பையில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர்தானே, வெயிலில் காயவைத்தால் போதுமா? தெரிந்தவர் ஒருவர் டிரை கிளீன் செய்து வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பதில்: முதலில் அந்த டிரை கிளீன்காரரை அனுப்பிவிடுங்கள். பாராசூட் துணி வெறும் நைலான் இல்லை. காற்று ஊடுருவாமல் இருக்க அதன்மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது; டிரை கிளீன் ரசாயனம் அதைக் கெடுத்துவிடும். துணி பளபளவென்று வரும், காற்றைத்தான் பிடிக்காது. கடல் தண்ணீரில் விழுந்ததை இப்படித் துவைத்து மடித்து, ‘ரெண்டே தடவை பறந்தது’ என்று தலையில் கட்டும் தரகர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆற்றுத் தண்ணீர் என்கிறீர்கள். பழையாறு என்பது கொள்ளிடம் கடலில் சேரும் இடம். கடல் ஏறும் நேரத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் வந்துவிடும். கல்லணைப் பக்கம் விழுந்திருந்தால் சேற்றை அலசி உலர்த்தினால் வேலை முடிந்தது. முகத்துவாரத்தில் விழுந்ததைக் கடலில் விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அலசாமல் காயவிட்டால் உப்பு படிகமாகி இழைகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். மடிக்கும்போதெல்லாம் நூலை அறுக்கும். அதனால் ஈரம் காயும் முன்பே, இன்றைக்கே அலசிவிடுங்கள்.

எந்தத் தண்ணீரில் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் அலசினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுவதுதான். எவர்சில்வர் தட்டில் நாலு சொட்டு விட்டுக் காயவையுங்கள். வெள்ளையாகத் திட்டுப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். குடிதண்ணீர் லாரிக்குச் சொல்லுங்கள். செலவுதான், ஆனால் அந்தத் துணியில் தொங்கப்போவது நீங்கள்.

பெரிய தொட்டியில் மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். சோப்பு, பிரஷ், வாஷிங் மெஷின் எதுவும் வேண்டாம். துணியில் வரிசையாகத் தைத்திருக்கும் காற்றறைகளுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தூக்கினால் தையல் விட்டுப்போகும், முதலில் வடியவிடுங்கள். உள்ளே தங்கிய மணலையும் உதறிவிடுங்கள்.

வெயில் கூடவே கூடாது. நெல் காயப்போடும் களத்தில் விரித்தால் சீக்கிரம் காயும், ஆனால் வெயில் நைலானைத் தின்றுவிடும். காற்றோட்டமான நிழலில் கொடி கட்டிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். மார்கழியென்றால் கல்யாண மண்டபம் சும்மாதானே கிடக்கும், ஒருநாள் கேட்டு வாங்கி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். தையல் மடிப்புகளைத் தொட்டுப் பார்க்காமல் பையில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

காப்பீடு இருந்தால், ‘சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை கைவைக்காதீர்கள்’ என்பார்கள். அவர் வருவதற்குள் உப்பு தன் வேலையை முடித்துவிடும். ஒரு பாராசூட்டை ஒருநாளில் வந்து பார்க்க ஆளில்லாமல் எதற்குக் காப்பீடு? நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு அலசத் தொடங்குங்கள்.

அப்புறம், ஆபத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டும் நனைந்திருக்கும். வெளிப்பை காய்ந்திருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அதையும் பிரித்து, அலசி, உலர்த்தி, பயிற்சி பெற்றவர் கையால் மடித்த பிறகே பறக்கலாம். பெரிய துணியின் கயிறுகளையும் அவரிடமே அளக்கச் சொல்லுங்கள். நனைந்து காய்ந்த கயிறு நீளம் மாறியிருக்கலாம்.