கழுத்து டாப்ளரில் 'நார்மல் அளவு' எப்படி வருகிறது?

கழுத்துத் தமனிகளில் ரத்த வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனைதான் கழுத்து டாப்ளர். அதன் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போடும் எல்லையை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பக்கவாதம், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இல்லாதவர்களை வயதுவாரியாகப் பிரித்து அளப்பார்கள். பிரிவுக்கு 120 பேராவது வேண்டும். நடுவில் வரும் 95 சதவீதம்தான் நார்மல். வயது ஏற ஏற ரத்த வேகம் குறையும் என்பதால் எல்லோருக்கும் ஒரே எண் சரிப்படாது.

பிழை பெரும்பாலும் கோணத்தில்தான் (ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே உள்ளது) நுழைகிறது. கர்சர் (கோணத்தைக் குறிக்கத் திரையில் வைக்கும் கோடு) குழாய்ச் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். கோணம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. உண்மையான கோணம் 60 ஆக இருக்கும்போது 65 என்று வைத்தால், 100 செ.மீ./விநாடி வேகம் 118 என்று காட்டும். வெறும் 5 டிகிரிக்கு இவ்வளவு! காமன் கரோட்டிட்டை (கழுத்தின் முக்கியத் தமனி) பல்புக்கு, அதாவது அது கிளை பிரியும் இடத்தில் உள்ள புடைப்புக்கு, 2 செ.மீ. கீழே, நேரான பகுதியில் அளக்கவும். பல்புக்குள் ஓட்டம் சுழல்வதால் அங்கே எடுக்கும் எண்ணை நம்ப முடியாது. சுவர்த் தடிமனை ஆழத்தில் உள்ள சுவரில், பிளேக் (கொழுப்புப் படிவு) இல்லாத இடத்தில் எடுக்க வேண்டும்.

வெர்டிப்ரல் தமனி (கழுத்தின் பின்பகுதி வழியே மூளைக்குப் போவது) இடப்பக்கம் பெரிதாக இருப்பது சகஜம். இரு பக்கத்தையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.

இன்டர்னல் கரோட்டிட்டுக்கு (மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் கிளை) சொல்லும் 125 செ.மீ./விநாடி என்பது 50 சதவீத அடைப்பைச் சந்தேகிக்கும் எல்லை. ஆரோக்கியமானவர்களின் வழக்கமான வேகம் அதைவிட நன்றாகவே குறைவு.