எச்எஸ்சி உணவுத் தொழில்நுட்பம்: மனப்பாடம் செய்தும் மார்க் ஏன் வரவில்லை?

சிட்னியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், எச்எஸ்சி (நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பள்ளி இறுதிச் சான்றிதழ்) உணவுத் தொழில்நுட்பப் பாடத்துக்கு நோட்ஸை முழுக்க மனப்பாடம் செய்தும் மார்க் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை நினைவாற்றலில் இல்லை, ‘ஏன்’ என்பதை எழுதாமல் விடுவதில்தான்.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்சரைசேஷனுக்கு (கிருமிகளைக் கொல்லப் பாலைச் சிறிது நேரம் சூடாக்குவது) ‘72 டிகிரி செல்சியஸ், 15 நொடி’ என்று எழுதினால் அது வெறும் தகவல். ‘விளக்குக’ என்று கேட்டால், அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகள் சாகின்றன, சூடு தாங்கும் சில பாக்டீரியாக்களும் பாக்டீரியா வித்துகளும் (ஸ்போர்) பிழைத்துவிடுகின்றன, அதனால்தான் பாலை 5 டிகிரிக்குள் வைக்கிறோம், அப்படியும் கெட்டுப்போகிறது என்று காரணத்தையும் விளைவையும் கோக்க வேண்டும். பிரிக்காத யுஎச்டி பால் (மிக அதிகச் சூட்டில் சில நொடிகள் பதப்படுத்தியது) ஏன் மாதக்கணக்கில் ஃபிரிட்ஜுக்கு வெளியே தாங்குகிறது என்பதையும் சேர்த்துப் படித்தால் ‘ஒப்பிடுக’ கேள்விக்கும் விடை தயார்.

ஆஸ்திரேலிய உணவுத் தொழில், உற்பத்தி, புதுப் பொருள் உருவாக்கம், ஊட்டச்சத்துப் பிரச்சினைகள் ஆகிய பாடத்தின் நான்கு பகுதிகளுக்கும் சம எடைதான். சுலபமாக இருக்கிறதே என்று பலர் ஊட்டச்சத்தையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள்! தயிர் மாதிரி ஒரு பொருளை நான்கிலும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நெசா (NESA, எச்எஸ்சி தேர்வை நடத்தும் மாநில அமைப்பு) இணையதளத்தில் பழைய வினாத்தாள்களோடு மதிப்பீட்டு வழிகாட்டிகளும் கிடைக்கும். நேரம் வைத்து எழுதிவிட்டு, அதைப் பார்த்து அவளே திருத்தட்டும்.